படைத்த புடவை

மார்கழி மாதம், சாயங்காலம் ஆறு மணி. ஜங்ஷனைத் தாண்டி செராமிக் எஸ்டேட்டுக்குள் போகிற குறுக்குச் சாலையில் ஒரு ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால், அவசர ஆர்டருக்காகத் திறந்த ஒரு பொம்மைக் கம்பெனியைத் தவிர எதுவும் ஓடவில்லை. அங்கேயும் கரண்டு போய், வேலையாட்கள் சூளைப் பக்கம் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். சாலையின் இரண்டு பக்கமும் கை போன பொம்மைகள், விரிசல் விட்ட அகல் விளக்குகள், பீங்கான் சில்லுகள் என்று குவிந்து கிடந்தன. டயர் ஏறினால் நறநறவென்று சத்தம் வரும்... அதை விட்டால் வேறு சத்தம் கிடையாது. பனி அப்போதே இறங்க ஆரம்பித்திருந்தது.

நெருங்கி உட்காருங்கள். கரண்டு எப்போது வரும் என்று என்னைக் கேட்காதீர்கள், நானா நிறுத்தினேன்? சூளைச் சுவர் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. முதுகைச் சாய்த்துக்கொள்ளுங்கள், வேன் வரும் வரைக்கும் சொல்கிறேன். நந்தகுமார், நீ நடுவில் சிரித்தாயானால் நான் எழுந்து போய்விடுவேன். இது நான் கட்டிய கதை இல்லை. நம்மோடு பொம்மைக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தாளே சிவசங்கரி, அவள் தம்பி பெண்டாட்டி துர்காவுக்கு நடந்தது. போன மார்கழியில்.

துர்காவை நீங்கள் பார்த்திருக்காவிட்டாலும் அவள் குரலைக் கேட்டிருப்பீர்கள். மங்கலம்பேட்டை, கம்மாபுரம் பக்கம் எந்தக் கல்யாணத்தில் கச்சேரி வைத்தாலும் அவள்தான் பாடுவாள். அவள் வீட்டுக்காரன் கார்முகில் ஆர்மோனியம். பகலில் பீங்கான் பியூஸ் கேரியர் செய்கிற கம்பெனியில் சூளை பார்ப்பான், சாயங்காலமானால் ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். அவள் பாட்டைக் கேட்டுக் கேட்டு மயங்கி, இரண்டு வீட்டையும் எதிர்த்துக்கொண்டு அவளைக் கட்டியவன். மேடையில் அவனுக்கு இடது பக்கம் துர்காவின் இடம். கூடப் பாட வந்த பெண் தெரியாமல் அங்கே உட்கார்ந்துவிட்டால் துர்கா ஒன்றும் பேச மாட்டாள், பக்கத்தில் வந்து நிற்பாள். அந்தப் பெண் தானாக எழுந்துவிடும். அவர்கள் இரண்டு பேரையும் பார்த்து எனக்கே வயிறு எரிந்ததுண்டு. என் வீட்டுக்காரருக்கு லாரி ஹாரனைத் தவிர வேறு வாத்தியம் தெரியாது, என்ன செய்வது!

காலேஜில் தமிழ் நடத்துகிறார்கள் அல்லவா பிரியம்வதா டீச்சர், அவர்கள்தான் ஒரு படக்காட்சிக்கு ஏற்பாடு செய்தவர்கள். அந்தக் காலத்து ஊமைப்படங்கள் கொஞ்சம், ஏதோ ஒரு காப்பகத்திலிருந்து வாங்கி வந்திருந்தார்கள். வெள்ளைக்கார ரயில்வே இன்ஜினியர் ஒருவர் நம் ஊர்ப் பக்கம் எடுத்தவையாம். ரயில் வருகிற படம் ஒன்று, தேர் ஓடுகிற படம் ஒன்று, மணிமுத்தாற்றில் துணி துவைக்கிற படம் ஒன்று. எல்லாம் சின்னச் சின்னத் துண்டுகள். படம் ஓடும்போது டீச்சர் பக்கத்தில் நின்று கவிதை வாசிப்பார்கள். கார்முகில் வாசிப்பான், துர்கா பாடுவாள். எஸ்டேட்டில் மூடிக் கிடந்த ஒரு ஷெட்டைப் பெருக்கித் திரை கட்டினார்கள். கார்முகில் மெட்டுப் போடுவதற்காக டீச்சர் அந்தப் படங்களை அவன் போனுக்கு அனுப்பினார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த ஆற்றுப் படத்தில் ஒரு பெண் வருகிறாள். இருபது வயது இருக்கும். கட்டம் போட்ட புடவை, தண்ணீரில் பாதி நனைந்து காலோடு ஒட்டியிருக்கும். கழுத்தில் தாலி இல்லை. துணியைக் கல்லில் அடித்துக்கொண்டே பாடுகிறாள். வாய் அசைகிறது, சத்தம் இல்லை. கடைசியில் நிமிர்ந்து படம் எடுக்கிறவரைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பாள். அவ்வளவுதான் படம். பேர் தெரியாது, ஊர் தெரியாது, எப்போது செத்தாள் என்று யாருக்கும் தெரியாது.

கார்முகில் அந்தப் படத்தை விட்டு எழவில்லை. சாப்பிடும்போது போன், படுக்கும்போது போன். அவள் கை ஏறி இறங்குகிற கணக்கை வைத்துத் தாளம் கண்டுபிடித்தான். உதடு குவிகிற விதத்தைப் பார்த்து மெட்டைத் தேடினான். பல் விளக்கும்போதுகூட அந்த மெட்டை முனகினான். துர்கா முதலில் சிரித்தாள். அப்புறம் முறைத்தாள். அப்புறம் அவன் தூங்கியதும் போனை எடுத்து அந்தப் பெண்ணின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்க்க ஆரம்பித்தாள். என்னத்தைக் கண்டார் இவளிடம் என்று. சிவசங்கரி எங்களிடம் வந்து சொன்னபோது வேலையை விட்டுவிட்டுச் சிரித்தோம். செத்து மண்ணாகிப் போனவளிடம் போய்ப் பொறாமைப்படுகிறாளே ஒருத்தி!

எங்களுக்குச் சிரிப்பு. அவளுக்கு ஒவ்வொரு நாளும் நெஞ்சு எரிந்தது. உயிரோடு இருக்கிற ஒருத்தி என்றால் தலைமுடியைப் பிடித்து இழுக்கலாம், தெருவில் நின்று கேட்கலாம். இவளை என்ன செய்வது? கிழவியாக மாட்டாள், சண்டை போட மாட்டாள், சாம்பாரில் உப்பு அதிகமாகப் போட மாட்டாள். எப்போது பார்த்தாலும் அதே ஈரம், அதே சிரிப்பு.

ஒரு நாள் ஒத்திகையில் கார்முகில் பாதியில் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டானாம். அவ்வளவு பேர் முன்னால் சொன்னான்: "அவ மூச்சு வுடற எடத்துல நீ வுடலியே துர்கா."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. எந்தக் குரலுக்காகத் தன்னைக் கட்டினானோ அந்தக் குரலையே இன்னொருத்தியின் வாய்க்கு அளவு எடுத்துத் தைக்கச் சொல்கிறான். துர்கா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

அடுத்த நாள் அவன் ஒரு புடவை வாங்கி வந்தான். கடைவீதியில் நாலு கடை ஏறி இறங்கித் தேடியது. கட்டம் போட்டது. படத்தில் அந்தப் பெண் கட்டியிருந்தாளே, அதே கட்டம். நிகழ்ச்சியன்று இதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பாடினால் அவளே வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்றானாம். நல்ல மனசோடுதான் சொன்னான். ஆம்பிளைகளுக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று தெரிந்தால் பாதிக் குடும்பத்தில் சண்டையே வராது. துர்கா அதைப் பிரிக்கவில்லை. வாங்கி அப்படியே பீரோவுக்குள் வைத்தாள்.

நிகழ்ச்சி அன்று மத்தியானம் அந்தப் புடவையோடு ஷெட்டுக்கு வந்தாள். கூடவே வாழையிலை, மஞ்சள், வெற்றிலை, மரிக்கொழுந்து, கற்பூரம். நம் பக்கத்தில் பூவாடைக்காரிக்குப் படைக்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீட்டில் பூவும் பொட்டுமாகச் செத்தவள், கல்யாணம் ஆகாமல் போன பெண், யாராக இருந்தாலும் ஒரு புதுப் புடவை வைத்துப் படைத்தால்தான் அந்த வீட்டில் நல்லது நடக்கும். செத்த பெண்ணின் படத்தைப் போடுகிறோம், படைக்காமல் எப்படி ஆரம்பிப்பது என்று துர்கா கேட்டாள். டீச்சருக்கும் அது நியாயமாகப் பட்டது. கார்முகிலுக்கு ரொம்பச் சந்தோஷம், பெண்டாட்டி சமாதானமாகிவிட்டாள் என்று.

சமாதானமாவது ஒன்றாவது. வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு போய்ச் சேர், என் வீட்டுக்காரரை விடு... அதுதான் அவள் மனசில் இருந்தது.

திரைக்குப் பின்னால் இலை போட்டாள். அட்டையும் காகிதமும் வைத்து மடித்த மடிப்புக் கலையாமல் புடவையை வைத்தாள். மரிக்கொழுந்தை மேலே வைத்துக் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டாள். கூட இருந்தது சிவசங்கரி மட்டும்தான். படைத்த புடவையை அப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது, வீட்டுப் பொம்பிளை யாராவது எடுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். அதுதான் முறை. கட்டினால் அது பிரசாதம். கட்டாமல் விட்டால் அது செத்தவளுடையது. சிவசங்கரி அதைச் சொல்லி எடுத்துக் கொடுக்கக் கையை நீட்டியிருக்கிறாள். துர்கா தடுத்துவிட்டாள்.

"வுடுங்க அண்ணி. அவளுக்குன்னு பாத்துப் பாத்துதான எடுத்தாரு ஒங்க தம்பி. அவளே கட்டிக்கட்டும்."

சொல்லிவிட்டுத் தன் பழைய பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு போய், ஆர்மோனியத்துக்கு இடது பக்கம் உட்கார்ந்துவிட்டாள். கார்முகில் புடவையைப் பற்றிக் கேட்டதற்கு, படைத்துவிட்டேன் என்று ஒரே வார்த்தை. அவனும் பெட்டியைத் திறந்து சுருதி சேர்க்க ஆரம்பித்துவிட்டான்.

நானும் போயிருந்தேன். ஐம்பது அறுபது பேர் இருப்போம். எல்லோரும் மப்ளரும் ஸ்வெட்டருமாக. தகரக் கூரை, பக்கமெல்லாம் திறப்பு, பனிக்காற்று உள்ளே நுழைந்து காதைக் கடித்தது. விளக்கை அணைத்தார்கள். முதலில் ரயில் வந்தது. டீச்சர் சின்ன டார்ச் வெளிச்சத்தில் வாசித்தார்கள்:

வண்டி வந்து நிற்கிறது.
இறங்குகிற எல்லோரும்
என்றோ போய்விட்டவர்கள்.
ஆனாலும் பாருங்கள்,
என்ன அவசரமாக நடக்கிறார்கள்.

எனக்குக் கவிதையெல்லாம் ஏறாது. ஆனால் அன்றைக்கு அந்த இருட்டில் அதைக் கேட்டபோது கையில் மயிர் நின்றது. அப்புறம் தேர் ஓடியது. துர்கா பாடினாள், நன்றாகத்தான் பாடினாள். அப்புறம் ஆறு வந்தது.

திரை முழுக்கத் தண்ணீர். கல்... துணி... அந்தப் பெண். கார்முகில் மெட்டை ஆரம்பித்தான். பாட்டு எழுந்தது பாருங்கள், ஷெட்டுக்குள் அவ்வளவு பேரும் இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். துர்கா பாடி நான் எத்தனையோ கேட்டிருக்கிறேன், இப்படிக் கேட்டதில்லை. கொஞ்சம் கரகரப்பு, தண்ணீருக்குப் பக்கத்தில் நின்று பாடினால் குரல் விரியுமே அப்படி. உதட்டுக்கு உதடு பொருந்தியது. அந்தப் பெண் துணியை அடிக்கிற இடத்தில் மூச்சு விழுந்தது. சளப்... பாட்டு. சளப்... பாட்டு. அந்தச் சளப் சத்தத்தை எதை வைத்து எழுப்புகிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன்.

திரை வெளிச்சத்தில் துர்காவின் முகம் தெரிந்தது. மைக் அவள் மடியில் கிடந்தது. வாய் மூடியிருந்தது.

சிரிக்காதே என்று சொன்னேன் இல்லையா, நந்தகுமார்.

கார்முகில் வாசித்துக்கொண்டே இடது பக்கம் திரும்பிச் சிரித்தான். துர்காவைப் பார்க்கவில்லை அவன். அவனுக்கும் துர்காவுக்கும் நடுவில் பார்த்துச் சிரித்தான். நடுவில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் இருந்தது. அவ்வளவு இடம் விட்டு உட்காருகிற வழக்கமே துர்காவுக்குக் கிடையாது. நான் நகரவில்லை, உட்கார்ந்த இடத்தில்தான் இருந்தேன் என்று அப்புறம் அழுதழுது சொன்னாள். முன்வரிசை வரைக்கும் ஒரு வாடை வந்தது. ஆற்றுப் பாசி, பச்சை மஞ்சள், அதோடு மரிக்கொழுந்து.

படம் முடிந்து திரை வெள்ளையானது. பாட்டு முடியவில்லை. அந்த வெள்ளை வெளிச்சத்தில் இன்னும் ஒரு அடி பாடிவிட்டுத்தான் நின்றது... ஒரே கைத்தட்டல். எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து துர்காவைக் கட்டிப்பிடித்தார்கள். துர்கா கட்டை மாதிரி நின்றாள்.

விளக்கு வந்ததும் சிவசங்கரி நேராகத் திரைக்குப் பின்னால் ஓடினாள். நானும் பின்னால் போனேன். இலை இருந்தது. வெற்றிலை இருந்தது. கற்பூரம் எரிந்து கறுத்துப் போயிருந்தது. புடவை இல்லை, மரிக்கொழுந்தும் இல்லை. புடவை மடிப்புக்குள் இருந்த அட்டையையும் காகிதத்தையும் மட்டும் யாரோ எடுத்து ஒழுங்காக மடித்து இலையின் ஓரத்தில் வைத்திருந்தார்கள். திருடினவன் இப்படிச் செய்வானா? புதுப் புடவையைப் பிரித்துக் கட்டுகிற பொம்பிளைதான் இப்படிச் செய்வாள்.

சிவசங்கரி அங்கேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"தம்பி எடுத்த பொடவ. இவ கையால படைச்சிருக்கறா. கட்டிக்கன்னு வாயாலயும் சொல்லிட்டா. இளையா மூத்தாளுக்கு இப்பிடித்தாண்டி படைப்பாங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூத்த தாரம் செத்துப்போன வீட்டில், புருஷன் புடவை எடுத்துக் கொடுப்பான், இரண்டாவதாக வந்தவள் தன் கையால் வைத்துப் படைப்பாள். நீ முதல், நான் அப்புறம் என்று ஒத்துக்கொள்கிற காரியம் அது. பேர் தெரியாத ஒருத்தி. கழுத்தில் ஒரு கயிறு ஏறாமல் போனவள். அவளுக்குப் புருஷன் கையால் ஒரு புதுப் புடவை, பெண்டாட்டி வாயால் ஒரு சம்மதம். வெளியே போ என்று சொல்ல வந்த துர்கா, வா என்று கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டாள். பொறாமை கண்ணை மறைக்கும்போது வழக்கமெல்லாம் எங்கே நினைவுக்கு வரும்?

துர்கா இப்போது எப்படி இருக்கிறாள் என்றுதானே கேட்கிறீர்கள்? இருக்கிறாள். அதே வீட்டில்தான் இருக்கிறாள். கார்முகிலும் நன்றாக இருக்கிறான். முன்னைவிடச் சந்தோஷமாகவே இருக்கிறான், அதுதான் சிவசங்கரிக்குத் தாங்கவில்லை. கச்சேரி வேண்டாம் என்று துர்கா நிறுத்திவிட்டாள். திட்டக்குடிக்கு அம்மா வீட்டுக்குப் போனாலும் பஸ்தான், பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் நடைதான். அவன் பைக்கில் மட்டும் ஏறுவதில்லை. ஏன் என்று யார் கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டாள். ஒரே ஒரு தடவை சிவசங்கரியிடம் சொன்னாள். சிவசங்கரி என்னிடம் சொன்னாள்.

அன்றைக்கு எல்லாம் முடிந்து, ஆர்மோனியப் பெட்டியை டீச்சரின் காரில் ஏற்றிவிட்டு, இரண்டு பேரும் வண்டியில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். மங்கலம்பேட்டை ரோடு. பனி அப்படியே மூடிக் கிடந்தது. முன் விளக்கு வெளிச்சம் சக்கரத்தைத் தாண்டவில்லை. எதிரில் ஒரு வண்டிகூட வரவில்லை. துர்காவுக்குப் பயம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். கோபம்தான் அதிகம். அந்தச் சிரிப்பை அவளால் மறக்க முடியவில்லை. அதனால் அவன் மேல் படாமல், சீட்டின் பின்னால் நன்றாகத் தள்ளி, கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் இடம் விட்டு.

அவன் அந்த மெட்டை முனகிக்கொண்டே ஓட்டினான். கொஞ்ச தூரம் போனதும் திரும்பாமலே கேட்டான்.

"பொடவய எங்க நனச்ச? முதுவெல்லாம் சில்லுங்குது."

துர்கா தன் புடவையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது. பாசி வாடை மூக்கில் ஏறியது. காற்று எதிர்ப்பக்கத்திலிருந்துதான் அடித்தது, வாடையும் முன்பக்கத்திலிருந்துதான் வந்தது.

சண்டையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று ஆகிவிட்டது அவளுக்கு. என் புருஷன், நான் பிடித்துக்கொள்கிறேன், எவள் என்ன செய்துவிடுவாள் என்று ஒரு வீம்பு வந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கம்பியை விட்டுவிட்டுக் கையை முன்னால் நீட்டி அவன் இடுப்பைப் பிடித்தாள்.

அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

ஈரமான கை. ஜில்லென்று, கண்ணாடி வளையலோடு. அது பதறவில்லை, உதறவில்லை. துர்காவின் விரலை ஒவ்வொன்றாக விலக்கி எடுத்து, அவள் கையைத் திரும்ப அவள் மடியிலேயே கொண்டுவந்து வைத்து, மெதுவாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனது.